ஓடும் கோலம்

எங்கள் திருநீர்மலைப் பெருமாளுக்கு நான்கு கோலம். அடிவாரத்தில் நீர்வண்ணராக நிற்பார். மலைமேல் நரசிம்மராக அமர்ந்திருப்பார், ரங்கநாதராகப் படுத்திருப்பார், உலகளந்தவராக நடப்பார். என் காரின் ஃபேனுக்கும் நான்கு வேகம். போன சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஃபேன் முதல் மூன்று வேகங்களையும் துறந்துவிட்டு ஓடும் கோலத்தில் நிலைத்து நின்றுவிட்டது.

நாப்பை ஒன்றில் வைத்தாலும் ஓடியது. நான்கில் வைத்தாலும் அதே ஓட்டம். பூஜ்யத்தில் வைத்தேன், இன்னும் உற்சாகமாக ஓடுவதுபோல் பட்டது. சாவியை எடுத்தால் மட்டும் நின்றது.

ஃபேன்தானே, வெயிலுக்கு நல்லதுதானே என்பீர்கள். ஏசி போடாமல் ஓட்டினால் அக்னி நட்சத்திரக் காற்றை முகத்தில் அறைந்தது. நாகல்கேணி வழியாகப் போகும்போது தோல் பதனிடும் ஆலைகளின் மணத்தையும் சேர்த்து வாரி இறைத்தது. ஏசி போட்டாலோ, பல்லாவரம் போய்ச் சேர்வதற்குள் மனைவி முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டாள்.

“ஏங்க, கொஞ்சம் குறைங்களேன்.”

குறைக்கத்தான் வழியில்லை. கைக்கு மிச்சமிருந்தது நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் நாப் ஒன்றுதான். இன்ஜினைச் சுற்றி வரும் வெந்நீர் டேஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகவும் ஓடுகிறது. சிவப்புப் பக்கம் திருப்பினால் காற்று அதில் பட்டுச் சூடாகி வரும். ஏழு வருடமாக நான் தொடாத சிவப்பு. திருப்பினேன். ஏழு வருடத் தூசி வறுபடும் வாசனையோடு வந்தது வெப்பம். 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரியைப் பார்த்த ஊர் சென்னை. அந்த ஊரில், மே மாதத்தில், காசு கொடுத்து பெட்ரோல் வாங்கி, ஹீட்டர் போட்டுக்கொண்டு போனவன் நான்.

ஊரைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து இந்தப் பெருமாளைச் சேவித்தார் என்பது தலபுராணம். எனக்கு ஆறு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. காரணம், என்னிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. மறுநாள் சனிக்கிழமையே அதை வைத்து, காய்கறிப் பை மாட்டுவதற்கென்று டேஷ்போர்டின் இடப்பக்க அடியில் ஒரு கொக்கி பொருத்தியிருந்தேன். அந்த வெற்றி தலையில் ஏறி உட்கார்ந்திருந்த நேரம்.

பானட்டைத் திறந்தேன். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் விசிறிப் படம் இரண்டு இருந்தது. முதல் படத்தை நம்பி ஒன்றைப் பிடுங்கினேன். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் பிடுங்கியது இன்ஜினின் ரேடியேட்டர் விசிறிக்கானது என்பது, டெம்பரேச்சர் முள் மேலே எழ ஆரம்பித்தபோது தெரிந்தது. அதைப் பழையபடி செருகிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினேன். 30 ஆம்பியர், பச்சை நிறம். ஃபேன் நின்றது.

“பாத்தியா?” என்றேன்.

“ஏசியும் வரலையே.”

“ஏசி காத்தைத் தள்ளுறதும் அதே ஃபேன்தானே.”

“அப்ப ரிப்பேர் பண்ணலை. பிடுங்கி வெச்சிருக்கீங்க.”

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “ரெசிஸ்டர் போயிருக்கும் சார்” என்றார். வாங்கி மாட்டினேன். 800 ரூபாய் போனது, ஃபேன் நிற்கவில்லை. முதல் மூன்று வேகமும் ரெசிஸ்டர் வழியாக வருவது. நான்காவது அதைத் தொடாமல் நேராக வருவது. ஆகவே ரெசிஸ்டர் போனால் நான்கு மட்டும் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அப்போதும் பூஜ்யத்தில் வைத்தால் ஃபேன் நின்றாக வேண்டும். என்னுடையது பூஜ்யத்திலும் ஓடியது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருந்தால் பணம் மிச்சம்.

கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். ஸ்விட்சுக்குப் பின்னாலிருந்த கனெக்டரைக் கழற்றினார். ஃபேன் அசரவில்லை. “ஸ்விட்ச் மேல தப்பு இல்ல சார். எங்கயோ எர்த் ஆவுது” என்று சொல்லிவிட்டு, இடப்பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தார். ஒரு நிமிடம் பேச்சே இல்லை.

“சார், இந்தக் கொக்கி யாரு அடிச்சது?”

நான் மலைக்கோபுரத்தைப் பார்த்தபடி, “ஏன்?” என்றேன். அந்த ஒரு சொல்லே வாக்குமூலம் ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். என் வண்டியில், சாவியைத் திருப்பியதுமே ஃபேன் மோட்டாருக்கு கரண்ட் வந்து நிற்கிறது. ஸ்விட்ச் செய்வதெல்லாம் மறுமுனையை பாடியோடு சேர்த்து எர்த் கொடுப்பதுதான். நான் போட்ட இரண்டு அங்குல ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைத் துளைத்து, நான்காம் வேகத்தின் வயரைத் துளைத்து, பின்னாலிருந்த இரும்புப் பட்டையில் போய் உட்கார்ந்திருந்தது. அதாவது, ஸ்விட்சின் வேலையை அது லீவு போடாமல் செய்துகொண்டிருந்தது. கரண்ட் மோட்டாரைத் தாண்டி வந்த பிறகே எர்த் ஆனதால், ஃபியூஸும் இதில் ஒரு குற்றமும் காணவில்லை.

தம்பி ஸ்க்ரூவைக் கழற்றினார். ஃபேன் மூச்சு வாங்கி நின்றது. காயம்பட்ட வயருக்கு டேப் சுற்றினார். மனைவி ஸ்க்ரூவை வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கொக்கி நல்லாத்தான் இருக்கு” என்றாள். அதோடு விட்டாள். திட்டியிருக்கலாம்.

கொக்கி இப்போது சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதை அடித்தவர் கார்பென்டர்.

உங்கள் கார் ஃபேனும் நிற்க மறுத்தால், முதலில் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் ஸ்விட்சைச் சந்தேகப்படலாம். நிற்காவிட்டால் வயர் எங்கேயாவது பாடியில் படுகிறதா என்று தேடலாம். அதற்கும் முன்னால், அந்த டேஷ்போர்டில் கடைசியாக ஸ்க்ரூடிரைவரோடு கை வைத்தது யார் என்று வீட்டிலேயே ஒரு விசாரணை நடத்துங்கள். ஆள் வெளியூராக இருக்க வாய்ப்பில்லை.