கேமராவுக்குப் பல் பார்ப்பது எப்படி?

வாடா பேராண்டி, உட்காரு. கட்டில்ல அந்த ஓரமா உட்காராதே, கயிறு தளர்ந்து கிடக்கு. உட்கார்ந்தா உன்னைத் தூக்கி விட ரெண்டு ஆள் வேணும்.

கேமராவை விக்கப் போறியாமே? அப்பத்தா சொன்னா. "புள்ள ரெண்டு நாளா சோறு சரியாத் திங்கலை, எதும் பொண்ணு விவகாரமோ"ன்னு அவளுக்குக் கவலை. அட போ புள்ள, பொண்ணு விவகாரம்னா கண்ணாடி முன்னாடில்ல நிப்பான், இவன் செல்லையே வெறிக்கிறான், இது யாவார விவகாரம்னேன். சரிதானே?

எங்க, அந்த விளம்பரத்தை வாசி. "நிக்கான் டி750. ஒரே ஓனர். ரொம்பக் கம்மியா யூஸ் பண்ணது. புதுசு மாதிரி." அடி சக்கை! நாப்பது வருஷம் மணப்பாறைச் சந்தையில தரகு பார்த்தவன் நான். "சாது மாடுங்க, சின்னப் புள்ள கூடக் கறக்கும்"னு சொல்லிக் கைமாத்தி விட்ட மாடு, வாங்கினவன் வீட்டு வாசலுக்குப் போறதுக்குள்ள அவன் வேட்டியைக் கிழிச்ச கதையெல்லாம் உண்டு. எனக்கே இந்தத் தைரியம் வந்ததில்லைடா. விளம்பரத்துக்குக் கீழ உன் பேரு. பேரைத் தட்டினா இன்ஸ்டாகிராமு. அங்க போனா "நூறு கல்யாணம் தாண்டிய அனுபவம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. நூறு கல்யாணத்தையும் எதை வச்சு எடுத்தே? அரிவாமணையை வச்சா?

முறைக்காதே. விக்கிறதுல தப்பில்லை. மாட்டைச் சந்தைக்கு ஓட்டுறவன் முதல்ல என்ன பண்ணுவான்? வாங்க வர்றவன் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடி இவன் பிடிச்சுப் பார்த்துக்குவான். மாட்டுக்கு மேல்தாடையில முன்பல் கிடையாது. கீழ எட்டுத்தான். ரெண்டு வயசு வாக்குல பால் பல்லு விழுந்து ரெண்டு பெரிய பல்லு வரும். அப்புறம் நாலு, ஆறு. அஞ்சு வயசை ஒட்டி எட்டும் நிரம்பிட்டா "கடை சேர்ந்திருச்சு"ம்போம். பசுவா இருந்தா கொம்பையும் தடவிப் பார்க்கணும். ஈத்துக்கு ஒரு வளையம் விழுந்திருக்கும். அதைக் கண்ணாடிச் சில்லால சுரண்டி, விளக்கெண்ணெயைத் தடவி மினுக்குற களவாணிப் பயலுகளும் சந்தையில உண்டு. நான் அந்த ரகம் இல்லை. எதுக்குச் சிரிக்கிறே?

உன் கேமராவுக்கும் பல்லு இருக்கு. ஷட்டர் கவுண்ட்டுன்னு பேரு. எனக்கு எப்படித் தெரியும்கிறியா? பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோத் திண்ணையில தினமும் ஓசிப் பேப்பர் படிக்கிறேன்ல. கண்ணு பேப்பர்ல இருக்கும், காது சும்மாவா இருக்கும்? நீ பட்டனை அமுக்கினதும் உள்ள ஒரு கண்ணாடி மேல தூக்குது. அதுக்குப் பின்னாடி ரெண்டு திரை. ஒண்ணு திறக்க, ஒண்ணு மூட. உன் டி750-ல அந்தத் திரை ஒரு விநாடியில 4000-ல ஒரு பங்கு நேரத்துக்குக் கூட வெளிச்சத்தை அளந்து விடுமாம். ஓடுற சாமான் எதுவா இருந்தாலும் தேயும். எத்தனை தரம் ஓடுச்சுன்னு கேமரா தனக்குள்ள கணக்கு எழுதிக்கிட்டே வருது. மொய் நோட்டு மாதிரி. நாம மறந்தாலும் அது மறக்காது.

"அப்படின்னா 2,448 தான் தாத்தா"ங்கிறியா? அது எங்க இருந்து வந்துச்சு? கடைசிப் படத்துக்கு டிஎஸ்சி_2448-னு பேரு இருக்கா? அட என் ராசா! அந்தப் பேருல இருக்கிறது நாலே இலக்கம். 9999-ஐத் தொட்டா மறுபடி 0001. செக்குமாட்டை நீ எப்போ பார்த்தாலும் அது செக்குக்குப் பக்கத்துலதான் நிக்கும். அதுக்காக அது நடக்கவே இல்லைன்னு சொல்லுவியா? இது எத்தனாவது சுத்துன்னு அந்த நாலு இலக்கம் சொல்லாது. நடுவுல நீயே மெனுவுல போய் நம்பரை ரீசெட் பண்ணியிருந்தா அந்தச் சுத்துக் கணக்கும் போச்சு.

சரி, நிஜப் பல்லைப் பார்ப்போம். புதுசா ஒரு படம் எடு, ஜேபெக்கா இருந்தா போதும். கல்யாணப் பொண்ணு படம் எதையும் எடுத்து இதுக்குப் போடாதே. கவுண்ட்டு பார்த்துச் சொல்ற வெப்சைட்டுல நீ ஏத்துற படத்துக்குள்ள உன் கேமரா சீரியல் நம்பரும் சேர்ந்தே போகும், அடுத்த வீட்டுப் புள்ள மூஞ்சியும் எதுக்குப் போகணும்? சுவத்தைப் பிடி. இல்லேன்னா நம்ம செவலையைப் பிடி. நாளைக்குக் காலையில அதைப் பார்க்க ஆள் வருது. மூணு ஈத்துப் பசு, சொக்கத் தங்கம். படம் அதுக்கும் உதவும்.

எடுத்துட்டியா? கார்டைக் கழட்டி நேரா லேப்டாப்புல போடு. வாட்ஸாப்புல அனுப்பி இறக்காதே. வாட்ஸாப்பு வழியாப் போன படம் குளத்துல இறக்கிக் கழுவின மாடு மாதிரி. மேல ஒட்டியிருந்த விவரமெல்லாம் உதிர்ந்துரும். லைட்ரூமுல மெருகேத்தி வெளிய எடுத்த படமும் வேலைக்காகாது. கேமரா பெத்துப் போட்ட கோலத்துலயே இருக்கணும். அதை எக்ஸிஃப்டூல்ல திற. ஃபில் ஹார்வின்னு ஒரு மனுஷன் 2003-ல எழுதி, காசு வாங்காம ஊருக்கே விட்டது. படத்துக்குள்ள கம்பெனிக்காரன் ஒளிச்சு எழுதுறதையெல்லாம் வாசிச்சுக் காட்டும். நிக்கான்ல "ஷட்டர் கவுண்ட்"னு தனி வரியே வரும்.

எல்லாக் கம்பெனியும் இப்படி வாயைத் திறந்து காட்டாது. கேனான்ல பெரும்பாலான மாடல் படத்துக்குள்ள இந்தக் கணக்கை எழுதுறதில்லை. வயரைப் போட்டு கம்ப்யூட்டரோட இணைச்சு, அதுக்குன்னு இருக்கிற சாஃப்ட்வேரை வச்சுத்தான் கேக்கணும். அதுலயே பெரிய வூட்டுப் புள்ளையான 1டி எக்ஸு மாதிரி சிலது மெனுவுலயே சொல்லிடும். ஒலிம்பஸ்ல பட்டனை முறை வச்சு அமுக்கினா ரகசியக் கதவு ஒண்ணு திறக்கும். 2021-ல வந்த நிக்கான் இசட்9-ல திரையே கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக்கு. பல்லே இல்லாத மாடு. அதுக்கு வயசு பார்க்க வர்றவன் பாடு திண்டாட்டம்தான்.

எவ்வளவு வருது? வாசி. 1,12,438. ம்ம். இப்போ எடுத்த ஒண்ணையும் சேர்த்து, செக்குமாடு 11 சுத்து முடிச்சு 12-ஆவது சுத்துல 2,449-ஆவது அடி வச்சிருக்கு. கணக்குப் போட்டுப் பாரு, அச்சு மாறாம வரும். ரொம்பக் கம்மியா யூஸ் பண்ணது!

வாயைப் பொளக்காதே. எங்க போச்சு இம்புட்டும்னு நானே சொல்றேன். மாலை மாத்துற நேரத்துல பட்டனை விடாம அமுக்கிப் பிடிச்சியே, விநாடிக்கு ஆறரைப் படம். நாலு விநாடியில 26. அதுல மாப்பிள்ளை 25-ல கண்ணை மூடியிருந்தான். போன தைப்பொங்கலுக்கு மொட்டை மாடியில சூரியன் உதிக்கிறதை டைம்லாப்ஸ் எடுக்கிறேன்னு அஞ்சு விநாடிக்கு ஒண்ணுன்னு ஒரு மணி நேரம் வச்சியே, அது 720. அன்னைக்குச் சூரியனே வரலை, மூடுபனி. ஆனா நீ மணிக்கணக்கா எடுத்த வீடியோ இதுல ஏறாது. ரெக்கார்டு ஓடுறப்போ திரை திறந்தேதான் இருக்கும், க்ளிக்கு இல்லை. அதனால வாங்குற பக்கம் நீ நின்னா இதையும் கேளு. கவுண்ட்டு 8,000-ன்னு குறைச்சலா இருக்கிற கேமரா நாலு வருஷம் குறும்படத்துக்கே உழைச்சு ஓடா தேஞ்சிருக்கலாம்.

இப்போ இந்த நம்பர் பெருசா சிறுசா? டி750-க்கு கம்பெனிக்காரன் ஒண்ணரை லட்சம் க்ளிக்குனு சோதிச்சுச் சொல்லியிருக்கான். டி850-க்கு ரெண்டு லட்சம், டி5-க்கு நாலு லட்சம். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு ஆயுசு. நாலு லட்சம் ஓடக்கூடியதுல 1,12,438 வாலிப வயசு. உன்னுதுல அது நாலுல மூணு பங்கு. மனுஷக் கணக்குல ஐம்பதைத் தாண்டி, பேரன் எடுக்கிற பருவம். அதுக்காக ஒண்ணரை லட்சமாவது க்ளிக்குல படுத்துரும்னு இல்லை. அது உத்தரவாதமும் இல்லை, சாவு நாளும் இல்லை. ரெண்டு லட்சம் தாண்டி ஓடுறதும் உண்டு, அறுபதாயிரத்துல மண்டையைப் போடுறதும் உண்டு. ஷட்டர் போனாலும் மாத்திக்கலாம், கேமரா செத்துப் போகாது. மாத்தியிருந்தா அந்தப் பில்லை எடுத்து வை. திரை புதுசு, மத்தது பழசுங்கிற கதையை அந்தச் சீட்டு ஒண்ணுதான் சொல்லும்.

உன் சாதிக்குன்னே இன்னொண்ணு இருக்கு. 2014 கடைசியில தயாரான சில டி750-ல ஷட்டர் சரியில்லை, படத்துல ஒரு பக்கம் இருட்டடிக்குதுன்னு 2015-ல நிக்கானே அறிவிச்சு, காசு வாங்காம சரி பண்ணிக் கொடுத்துச்சு. விவரம் தெரிஞ்சவன் வந்தா முதல் வேலையா அடியில இருக்கிற சீரியல் நம்பரைத்தான் பார்ப்பான். அவன் பார்க்கிறப்போ நீ வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்காதே.

பல்லை மட்டும் பார்த்து மாடு வாங்குறவனும் இல்லை. இங்க கொடு அதை. இந்தா பாரு, கட்டைவிரல் வைக்கிற இடத்துல ரப்பர் உப்பி நிக்குது. ஃபெவிக்குவிக் போட்டு ஒட்டினது யாரு, நீதானே? மேல ஃப்ளாஷ் மாட்டுற காடியில கறுப்பு உரிஞ்சு வெள்ளி தெரியுது. வீட்டுக் கேமராவுல ஃப்ளாஷை இம்புட்டுத் தடவை யாரு மாட்டுவா? இந்த ரெண்டையும் பார்த்தே உன் நம்பரைக் கிட்டத்தட்டச் சொல்லிடுவான் ஸ்டுடியோக்காரன். எஃப்/16-ல வச்சு வெறும் வானத்தை ஒரு படம் எடு. சாம்பல் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா சென்சார்ல தூசி, சுத்தம் பண்ணிக் கொடுத்துரு. வேகத்தை 4000-ல வச்சு வெள்ளைச் சுவத்தை எடு. ஓரத்துல கறுப்புப் பட்டை விழுந்தா திரைக்கு வாதம் வந்தாச்சுன்னு அர்த்தம். லென்ஸுக்குள்ள டார்ச்சு அடிச்சுப் பாரு. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சைக் காளான். மழைக்காலம் பூரா பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில வச்சதுக்குக் கிடைச்ச கூலி.

இப்போ யாவார வித்தைக்கு வர்றேன். கிட்ட வா. மறைக்கணும்னா நல்லா மறைக்கலாம். கேட்டா "கவுண்ட்டெல்லாம் எனக்குப் பார்க்கத் தெரியாதுங்க"ன்னு பச்சைப்புள்ள மாதிரி முழிக்கலாம். நூறு கல்யாணம் எடுத்தவனுக்குத் தெரியாதாம்! வந்தவன் என்ன பண்ணுவான்? பையில இருந்து தன்னோட கார்டைப் போட்டு, ஒரே ஒரு படம் எடுத்து, டீக்கடையில உட்கார்ந்து பார்த்துடுவான். அதுக்கப்புறம் நீ பேட்டரி நல்ல பேட்டரின்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டான். நீ மறைச்சது ஒரு லட்சத்துச் சொச்சம், அவன் சந்தேகப்படுறது மூணு லட்சம். விலையை எதை வச்சுக் குறைப்பான்னு நினைக்கிறே?

அதனால நம்பரை நீயே முதல்ல சொல்லு. விளம்பரத்துல முதல் வரியிலேயே "ஷட்டர் கவுண்ட் 1,12,438, கல்யாண வேலைக்கு ஓடியது"ன்னு போடு. ரப்பர் உப்பியிருக்கிறதைப் படம் பிடிச்சுப் போடு. வெறும் பொழுதுபோக்குக்கு விலை கேக்கிறவன் ஓடிருவான். வர்றவன் மனசைத் தேத்திக்கிட்டு வருவான். சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுப் பேரம் பேசுறப்போ, குறையை வாங்குறவன் சொன்னா ஒரு விரல் மடங்கும். விக்கிறவனே சொல்லிட்டா மடக்குறதுக்கு அவனுக்கு விரல் இருக்காது. உண்மை பேசுறது நல்ல குணம்னு பாடம் நடத்த வரலைடா. அது நல்ல தரகு, அம்புட்டுத்தான்.

கடைசியா ஒண்ணு. பெருந்தன்மையைக் காட்டுறேன்னு மெமரி கார்டைச் சேர்த்துக் கொடுத்துடாதே. ஃபார்மட் பண்ணாலும் பழைய படத்தைத் தோண்டி எடுக்க வழி இருக்கு. ஊரார் வீட்டுக் கல்யாணம் பூரா அதுக்குள்ள கிடக்கு. கேமராவுக்குள்ள காப்பிரைட்னு உன் பேரை எழுதி வச்சிருப்பே, அதையும் அழிச்சிரு. இல்லேன்னா வாங்கினவன் எடுக்கிற ஆட்டுக்குட்டி படத்துக்கெல்லாம் நீதான் சொந்தக்காரன்.

என்னடா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன், நீ அந்தப் படத்தையே பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்கிறே? செவலை படம்தானே. எதுக்கு அதோட கொம்புகிட்டப் போறே?

அது... அது தொழுவத்துச் சுவத்துல உரசியிருக்கும். ரெண்டு கொம்பும் ஒரே மாதிரியா உரசுமான்னா, மாடு ஒழுங்கா உரசும். மினுமினுப்பா? வெயில் பட்டா மினுங்கத்தானே செய்யும். எண்ணெய்க் கிண்ணமா? எந்தக் கிண்ணம்? தூண் ஓரத்துல படத்துல விழுந்திருக்கா? 24 மெகாபிக்ஸல்னு வாங்கினப்போவே சொன்னேன், நமக்கு எதுக்குடா இம்புட்டுப் பெருசுன்னு. கேட்டியா?

சரி, சரி. அப்பத்தா காதுல போடாதே. மூணுன்னு சொன்னது... அஞ்சுதான். போதுமா? நாளைக்கு வர்றவன் படம் கேட்டிருக்கான். நீ ஒண்ணு பண்ணு பேராண்டி. வாட்ஸாப்புல அனுப்பினா மேல ஒட்டியிருக்கிற விவரமெல்லாம் உதிர்ந்துரும்னு சொன்னேன்ல...

கொம்புல இருக்கிற கீறலும் உதிருமா?