எண் பிடிக்கிற அண்ணன்

நிரல் வரிகளுக்கு நிறம் பூசும் எடிட்டரில், எது எண், எது எண் இல்லை என்று பிரித்துக் காட்டும் ரெஜெக்ஸ் பேட்டர்ன் எழுதுவது திண்டுக்கல் நாகல் நகர் அண்ணனின் உத்தியோகம். “இலக்கம் வந்தா பிடிக்கணும், அவ்வளவுதான். சாயங்காலம் முடிஞ்சிரும்” என்று தை மாதம் சொன்னார். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது.

கெடுத்தது புள்ளி. பல மொழிகளில் 5-க்கு முன்னால் புள்ளி வைத்தாலும் எண், பின்னால் வைத்தாலும் எண்; வெறும் புள்ளி எண் இல்லை. அதைச் சரிசெய்தால், ரூபி மொழியின் 1..10-இல் முதல் புள்ளியை பேட்டர்ன் விழுங்கிவிட்டது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஊரே டெஸ்ட் கேஸ்தான். பேகம்பூர் பிரியாணிக் கடையில் பில் 230/- என்று வந்தது. “வகுத்தல் இருக்கு, கழித்தல் இருக்கு, மிச்ச எண் எங்கே தம்பி?”

“மிச்சம் வேணும்னா ஐநூறா குடுங்கண்ணே.”

டீக்கடை நோட்டில் அவர் பெயருக்கு நேரே -340. “மாமா, கழித்தல் குறி எண்ணோட சேராது. அது தனி ஆபரேட்டர்.”

“சரி மாப்ள, குறி எனக்கு வேணாம். 340-ஐ மட்டும் வை.”

ஆஸ்பத்திரியில் டோக்கன் 017. பதினைந்தைக் கூப்பிட்டதும் எழுந்துவிட்டார். சி மொழியில் முன்னால் சைபர் போட்டால் எட்டை அடியாகக் கொண்ட கணக்கு. 017 என்றால் 15. நர்ஸம்மா பைத்தான் 3 கட்சி போலும், அப்படி ஓர் எண்ணே செல்லாது என்று கடைசிக்கு அனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு நாள் சிரித்த முகமாக வந்தார். 2016-இல் வந்த பைத்தான் 3.6, எண்ணுக்கு நடுவே அடிக்கோடு போட விடுகிறது. 1_00_000 என்று நம் லட்சத்தை நம் வழக்கப்படியே பிரிக்கலாம். தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார், அதே நோட்டில். இரண்டு அடிக்கோடு ஒட்டி வந்தால் செல்லாது என்று மறுநாள் தெரிந்தது.

அவருடைய பெரியப்பா பூட்டுப் பட்டறைக்காரர். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது; தன் சாவிக்கு மட்டும்தான் திறக்கும். அண்ணன் பேட்டர்னோ வேரியபிள் பெயரின் வாலில் ஒட்டிய 2-ஐக்கூட எண் என்று உள்ளே விடும்.

கடைசியில் தமிழே வம்புக்கு வந்தது. பைத்தான் ரெஜெக்ஸின் இலக்கக் குறி ௧, ௨ எல்லாவற்றையும் பிடிக்கிறது. நிரலில் ௧௨ என்று எழுதினாலோ அதே பைத்தான் பிழை என்கிறது. ௰, ௱, ௲ மூன்றையும் அந்தக் குறி சீண்டுவதே இல்லை.

“பத்து, நூறு, ஆயிரம் எதுவும் இலக்கம் இல்லையாம் பெரியப்பா!”

“அதான் உன் சம்பளத்துல ஒண்ணையும் காணோமா?”