சோம்பேறி ஒருவர் பெற்ற மொழி

கேன்டீனில் இரண்டு புரோகிராமர்கள் ‘பைதானா, ரஸ்ட்டா’ என்று மல்லுக்கட்டுவதைப் பார்த்து, இது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். வியாதிக்கு வயது எழுபதுக்கு மேல். முதல் நோயாளிகள் கோட்டும் டையும் அணிந்த கனவான்கள்!

1950-களின் தொடக்கம். கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் புரிகிற எண்களிலும் குறியீடுகளிலும்தான் பேச வேண்டும். அந்தப் பாஷை தெரிந்த சிலரின் நடையே தனி. கர்ப்பக்கிரகத்துக்குள் போய்வரும் அர்ச்சகர் மாதிரி! ‘சாமியிடம் யார் வேண்டுமானாலும் நேராகவே பேசலாம்’ என்று ஒருவன் கிளம்பினால் அர்ச்சகருக்குக் கோபம் வருமா, வராதா?

கிளம்பியவர் ஜான் பேக்கஸ். பயோடேட்டாவைப் பார்த்தால் எந்த ஹெச்.ஆரும் கதவைச் சாத்திவிடுவார். வர்ஜீனியா பல்கலைக்கழகம் வெளியே அனுப்பிய மாணவர். மருத்துவம் படிக்கப் போய் அதையும் பாதியில் விட்டவர். நல்லதாக ஒரு ஹை-ஃபை செட் வேண்டும் என்பதற்காக ரேடியோ மெக்கானிக் பள்ளியில் சேர்ந்து, அங்கிருந்த ஆசிரியருக்குக் கணக்குப் போட்டுக்கொடுக்கப்போய்க் கணிதத்தில் விழுந்தவர். புரோகிராம் எழுதுவது பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதாமல் தப்பிக்க வழி தேடினேன் என்ற ரீதியில் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். சோம்பேறித்தனத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான ட்யூரிங் விருது தருவார்களா? தந்தார்கள்!

1953 கடைசியில் பேக்கஸ் ஐ.பி.எம். மேலதிகாரியிடம் கேட்டது இதுதான்: மனிதன் கணிதச் சூத்திரம் மாதிரி எழுதட்டும், மெஷினே அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளட்டும். அப்போது ஐ.பி.எம்.முக்கு ஆலோசகர் யார் தெரியுமா? சாட்சாத் ஜான் வான் நாய்மன்! கணிதம், அணுகுண்டு, கம்ப்யூட்டர் என்று தொட்டதிலெல்லாம் மேதை. மெஷின் பாஷை இருக்க வேறெதற்கு என்பது அவர் கட்சி. இத்தனை விலை உயர்ந்த கருவியைப் பாஷை மாற்றும் குமாஸ்தா வேலைக்கு வீணடிப்பதா என்று ஒரு மாணவர்மேல் பாய்ந்ததாகவும் கதை உண்டு. அவருக்கென்ன, பாதிக் கணக்கை மனசிலேயே போட்டுவிடுவார். அந்தக் குமாஸ்தா வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தது மாணவர்கள்தானே!

அதையும் மீறி அனுமதி கிடைத்தது. ‘எப்போது முடியும்?’ என்று கேட்டபோதெல்லாம் பேக்கஸ் குழு சொன்ன பதில், ஆறு மாசம். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். ஃபோர்ட்ரான் என்ற அந்த மொழி வெளிவந்தது 1957 ஏப்ரலில்.

பிட்ஸ்பர்க் பக்கம் வெஸ்டிங்ஹவுஸின் பெட்டிஸ் அணு ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி நிறையத் துளையிட்ட அட்டைகள் வந்து சேர்ந்தன. உடன் ஒரு கடுதாசிகூட இல்லை. இதுதான் அந்தப் புது ஐட்டமோ என்று ஊகித்து, ஒரு புரோகிராம் எழுதி உள்ளே விட்டார்கள். வந்த பதில்? ஓரிடத்தில் காற்புள்ளி விட்டுப்போச்சாம்! அணு விஞ்ஞானிகளுக்கே மெஷின் இலக்கண வகுப்பு எடுத்துவிட்டது. காற்புள்ளியை வைத்ததும் ஒழுங்காக விடை வந்தது என்பது வேறு விஷயம். அடுத்த சில வருஷங்களில் அர்ச்சகர்களில் பெரும்பாலோர் சத்தமில்லாமல் கட்சி மாறினார்கள்.

அந்தப் பக்கம் யூனிவாக் கம்பெனியில் கிரேஸ் ஹாப்பர் என்ற கடற்படைப் பெண்மணி. 1952-லேயே மெஷின் பாஷைக்கு மாற்றித்தரும் கம்பைலர் ஒன்றை ஓடவிட்டவர், தொடத்தான் ஆளில்லை! அடுத்ததாக, இங்கிலீஷ் வார்த்தைகளிலேயே உத்தரவு போடலாம் என்று நிரூபித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட முடியும் என்று டெமோ காட்டினார். மேலிடம் ஆடிப்போய்விட்டது. பிலடெல்பியாவில் பிறந்த மானமுள்ள அமெரிக்க மெஷின் பிரெஞ்சு பேசுவதாவது! இங்கிலீஷைத் தாண்ட மாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

அந்த வழியில் 1959-ல் கமிட்டி போட்டு உருவாக்கத் தொடங்கிய மொழிதான் கோபால். கமிட்டி என்றால் தெரியாதா? இழுத்த இழுப்பில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஹோவர்ட் பிராம்பெர்க் பொறுமை இழந்து, ‘COBOL’ என்று செதுக்கிய கல்லறைக் கல் ஒன்றை வாங்கி பென்டகனில் இருந்த கமிட்டிப் பெரியவருக்குப் பார்சல் அனுப்பினார். இதென்ன பேர் என்று கல் செதுக்கியவர் கேட்க, போலந்துக்காரப் பெயரைச் சுருக்கியது என்று சமாளித்தாராம். நம் ஊர்க் கல்தச்சர் கேட்டிருக்கவே மாட்டார். யாரோ கோபால், பாவம் என்று உச்சுக்கொட்டியிருப்பார். ஆனால் கோபால் சாகவில்லை. 2020-ல் கொரோனா வந்து நியூ ஜெர்சி அரசின் கம்ப்யூட்டர்கள் திணறியபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கவர்னரே கூப்பிட வேண்டியதாயிற்று.

சரி, நம் சோம்பேறி? 1977-ல் ட்யூரிங் விருது. ஃபோர்ட்ரான் புகழ் பாடுவார் என்று சபை காத்திருக்க, மனிதர் மேடையேறி, ஃபோர்ட்ரான் உள்பட அந்த வம்சத்து மொழிகளெல்லாம் கொழுத்துக்கொண்டே போகின்றனவே ஒழிய பலம் ஏறவில்லை என்று போட்டார் ஒரு போடு. சொந்தப் பிள்ளையை! வான் நாய்மன் பாணியிலிருந்து விடுதலை கிடைக்குமா என்பதுதான் உரையின் தலைப்பே. அந்த மேதையோடு இருந்த பழைய கணக்கையும் தீர்த்தாயிற்று. மாற்றாக ஒரு புது மொழியையும் முன்வைத்தார். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா அந்த உரையைக் கிழிகிழியென்று கிழித்தார். ஃபோர்ட்ரான்காரர்களோ சண்டைக்குக்கூட வரவில்லை. அவர்கள் பிஸி. பேக்கஸ் விட்டுவிடச் சொன்ன அதே மொழிக்குப் புது வெர்ஷன் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பெயர், ஃபோர்ட்ரான் 77!