பரிசீலனையில் இருக்கிறாய், குழந்தாய்

பச்சிளங் குடிமகனே, வருக! நீ பிறந்த நேரத்தை விநாடி பிசகாமல் குறித்துக்கொண்டோம். நட்சத்திரம், லக்னம் எல்லாம் தயார். பிறவி நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க உன் குதிகாலில் குத்தி நாலு சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு உகந்த நேரம் பிறந்த 24 மணியிலிருந்து 72 மணிக்குள். இதைச் சொன்னவர் ஜோதிடர் இல்லை, மருத்துவர். அதனால் கேட்பாரில்லை.

உனக்கு மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று வைத்துக்கொள்வோம். லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் சிதைக்கும் நொதி உன்னிடம் வேலை செய்யாது. வயிற்றில் இருந்தவரை அம்மாவின் உடம்பு சமாளித்தது. இனி நீ குடிக்கும் பாலின் புரதமே உன் மூளைக்கு நஞ்சு. முதல் ஓரிரு நாள் ஒரு குறையும் தெரியாது. பிறகு பால் மறுப்பாய், துவளுவாய், வலிப்பு வரும். 'ரத்தத்தில் கிருமி' என்று ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். துணியில் கருகிய சர்க்கரை வாசனை வீசும். முகர்ந்தும் யோசிக்க மாட்டார்கள். மூத்ததும் இப்படித்தான் போனது என்று பாட்டி அழுவாள். அதை யாரும் கேஸ் ஷீட்டில் எழுத மாட்டார்கள்.

பழி அம்மாவுக்கு: ராசியில்லாதவள். பழுதான மரபணு அப்பாவிடமிருந்தும் ஒன்று வந்திருந்தால்தான் இந்நோய் வரும் என்பதை யார் எடுத்துச் சொல்வது? சொத்து வெளியே போகக் கூடாதென்று அவளைத் தாய்மாமனுக்கே கட்டிவைத்தார்கள் பெரியவர்கள். சொத்து போகவில்லை. மரபணுவும் போகவில்லை.

மருத்துவம் இல்லாத நோயா இது? அந்த மூன்று அமிலங்களும் நீக்கிய பால்மாவு இருக்கிறது. முற்றினால் டயாலிசிஸ் இருக்கிறது. ஒரே ரத்தப் பொட்டில் இதுபோன்ற பல நோய்களைச் சேர்த்தே கண்டுபிடிக்கும் கருவியும் இருக்கிறது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற இதன் பங்காளி நோய்க்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் 1963லேயே பரிசோதனையைச் சட்டமாக்கியது. இங்கே கோவா 2008இல் தொடங்கியது. கேரளம் அரசு மருத்துவமனைகளில் சில நோய்களுக்குச் செய்கிறது. நாடு முழுமைக்கும் கட்டாயம் இன்றும் கிடையாது.

கவலைப்படாதே, உன் நோயின் பெயர் 2021ஆம் ஆண்டின் அரிய நோய்க் கொள்கையில் இருக்கிறது. சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோயாளிகளுக்கு உதவுவதை மாநில அரசுகள் பரிசீலிக்கலாமாம். மத்திய அரசு தரும் உதவியின் உச்சவரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாய் ஆனது. நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: உனக்கு என்ன நோய் என்று நீயே கண்டுபிடி, குறிப்பிட்ட சிறப்பு மையத்துக்குப் போய்ச் சேர், கோப்பு நகரும்வரை லூசின் ஏறாமல் பார்த்துக்கொள்.

அமைச்சர்களே, இந்தப் பிள்ளைக்கு நாள்கணக்கில்தான் அவகாசம். குதிகால் ரத்தம் எடுக்காமல் எந்தப் பிரசவ வார்டும் டிஸ்சார்ஜ் சீட்டு தரக் கூடாதென்று சட்டம் போடுங்கள். பரிசோதனை முடிவு நாலு நாளுக்குள் வரட்டும். பால்மாவை ஆயுளுக்கும் இலவசமாகக் கொடுங்கள்.