இடைவேளைக்குப் பின் அறிவியல் எங்கே போகிறது?: திருச்சி – திருவரங்க வழித்தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் ஆய்வுக்கு உட்படாத பொருள் அரிது. சங்ககாலத்துத் தலைவி எந்தப் பக்கம் வகிடு எடுத்தாள் என்று கேட்டாலும் எங்காவது ஓர் ஆய்வேடு அகப்படும். ஆனால் ஒரு மனிதர் சுவரொட்டியில் ராக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைகிறார். எலியைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். இடையில் அவருக்குள் என்ன நிகழ்ந்தது என்பதைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கும் எளிய முயற்சி இது. நிதிநல்கை எதுவும் பெறாமல், டிக்கெட் காசைக் கையிலிருந்து போட்டுச் செய்யப்பட்டது.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ் அறிவியல் புனைவுப் படத்தில் அறிவியலின் ஆயுள் இடைவேளை வரை. சுவரொட்டியோ அதற்குச் சாகாவரம் அளித்துவிடுகிறது. பார்வையாளரின் மனத்தாங்கல் இந்தக் கணக்கு வித்தியாசத்தில் பிறப்பது. மோசமான படத்தைத் திருச்சிக்காரர் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவார். சொன்ன படத்துக்குப் பதிலாக இன்னொரு படத்தை ஓட்டினால்தான் கோபம் வரும்.

ஆய்வுப் பரப்பாக இவ்வூரைத் தேர்ந்ததற்குச் சொந்த ஊர்ப் பாசம் மட்டும் காரணமல்ல. சர் சி. வி. ராமன் 1888இல் பிறந்தது திருவானைக்காவலில். அப்துல் கலாம் இயற்பியல் படித்தது தெப்பக்குளத்தை ஒட்டிய புனித வளனார் கல்லூரியில். அதே காலத்தில் அதே கல்லூரியில் அதே இயற்பியலைப் படித்தவர், திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த எஸ். ரங்கராஜன். பின்னாளில் சுஜாதா. இவ்வளவு இயற்பியல் புழங்கிய ஊரில் ஒருவரை ராக்கெட் படம் என்று கூப்பிட்டு உட்கார வைப்பது எளிது. எழுந்து போகும்போது பதில் சொல்வதுதான் கடினம்.

முதன்மைச் சான்று 'விக்ரம்'. 1986 மே மாதம் வந்தது. கதை சுஜாதா, 'குமுத'த்தில் தொடராகவும் ஓடியது. கமல்ஹாசன், ஒற்றைக் கண் மறைத்த சத்யராஜ், இந்தியிலிருந்து அம்ஜத் கானும் டிம்பிள் கபாடியாவும், இளையராஜா இசை, கோடி ரூபாயைத் தாண்டிய செலவு என்ற பேச்சு. 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணை திருடுபோகிறது. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உளவாளி கிளம்புகிறார். கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்கள் ஊருக்கு நாலு பேர் தேறாத காலம். அந்தப் பெட்டியில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்க்கவே ஜனம் போயிற்று.

இடைவேளைக்குப் பின் படம் சலாமியா என்ற நாட்டுக்குக் குடிபெயர்கிறது. அங்கே மன்னர் உண்டு, இளவரசி உண்டு, தனி மொழி உண்டு, அதைப் பெயர்த்துச் சொல்ல ஜனகராஜ் உண்டு, எலிகளை வழிபடும் கோயிலும் உண்டு. ஏவுகணை எங்கோ ஒரு மூலையில், கல்யாண வீட்டில் அழைக்கப்படாத விருந்தாளியைப் போலக் காத்திருக்கிறது.

இலக்கண நூலார் இதைத் திணைமயக்கம் என்பர். தொல்காப்பிய மரபில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. வேறு நிலம் வறண்டு திரிந்தால் அது பாலை. அவ்வாறே அறிவியல் வறண்டால் அது சலாமியா. ராஜஸ்தான் மணலில் படமெடுத்திருப்பதால் நிலம் பொருந்துகிறது. பாலையின் உரிப்பொருளான பிரிவும் பொருந்துகிறது: பார்வையாளர் தம் பணத்தைப் பிரிந்திருக்கிறார். இவ்வளவு துல்லியமாகத் தொல்காப்பியத்தைப் பின்பற்றிய படத்தை யாரும் அந்தக் கோணத்தில் பாராட்டாதது வியப்புக்குரியது.

ஒரு நியாயம் சுஜாதாவின் பக்கமும் உண்டு. உண்மையான அக்னி ஏவுகணை முதன்முதலில் பறந்தது 1989 மே 22 அன்று. அதற்குப் பொறுப்பேற்ற அறிவியலாளர்களின் தலைவர், மேலே சொன்ன அதே வளனார் கல்லூரிக்காரர். அதாவது மகன் அக்னிபுத்ரா திரையில் ஏறி மூன்றாண்டு கழித்துத்தான் தந்தை அக்னி வானில் ஏறினார். உலக அறிவியல் புனைவு வரலாற்றில் இத்தகைய பிதா-புத்திர வரிசை வேறெங்கும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆக, அறிவியல் சரியாகத்தான் இருந்தது. எலி இடையில் வந்துவிட்டது.

இனி ஆய்வுமுறை. மனத்தாங்கலை அளக்க மேலைநாட்டார் வினாநிரல் கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொல்வார்கள். திருவரங்கத்துக்காரரிடம் அது செல்லாது; ஐந்து விடைகளும் தவறு என்று வினாநிரலையே திருத்தித் தந்துவிடுவார். எனவே 'ஒன்றாம் நம்பர் பஸ் முறை' இங்கே முன்மொழியப்படுகிறது. இரவுக் காட்சி முடிந்து திருவரங்கம் திரும்புகிறவரின் பின் இருக்கையில் அமர்ந்து, எந்த நிறுத்தத்தில் என்ன பேசுகிறார் என்று கவனிப்பதே இம்முறை. ஏமாற்றிய படம் எதுவாயினும் வரிசை மாறுவதில்லை.

மெயின் கார்டு கேட்டில் ஏறும்போது மௌனம். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் வழக்கம்போலக் காத்துக் கிடக்கும். அங்கே ஆறுதல் தேடும் படலம் தொடங்கும். "பாட்டு நன்னாத்தான் இருந்தது." "கேமரா பரவால்லே." சிந்தாமணி தாண்டியதும் காவிரிப் பாலம். ஜன்னல் வழியே காற்று முகத்தில் அறைந்த மாத்திரத்தில் கணக்கு வரும்: டிக்கெட், வண்டிச் சத்தம், இடைவேளை வடை. கொள்ளிடம் பிரிவதற்கு முன்பு நதி எத்தனை வேகத்தில் ஓடியதோ அத்தனை வேகத்தில் வசை ஓடும். மாம்பழச்சாலையில் தர்க்கம்: "ஏவுகணையைத் திருடினவன் அதை வெச்சிண்டு பாலைவனத்துல என்னடா பண்ணப் போறான்?" திருவானைக்காவலில், ராமன் பிறந்த மண் என்பதாலோ என்னவோ, இயற்பியல் ஆட்சேபங்கள் மட்டுமே எழும். விண்வெளியில் சத்தம் எப்படிக் கேட்டது, எரிகல்லை உடைத்தால் துண்டுகள் எங்கே போகும், இத்யாதி. திருவரங்கத்தில் இறங்கும்போது பேச்சு சித்தாந்தமாகிவிட்டிருக்கும்: "போஸ்டர்ல போட்டது வேற, உள்ளே காட்டினது வேறன்னா, நான் வாங்கின டிக்கெட் எதுக்கு?"

திண்ணையில் இன்னும் இரண்டு மணி நேரம் தொடரும். இது வியப்பல்ல. திருவாய்மொழிப் பாசுரங்கள் 1,102. அவற்றுக்கு நம்பிள்ளை திருவரங்கத்தில் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈட்டின் அளவு முப்பத்தாறாயிரப்படி. படிக்கு 32 எழுத்து வீதம் 11,52,000 எழுத்து. இம்மரபில் வந்தவர் ஒரு படத்தை 'சுமார்' என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கும் தயாரிப்பாளர் தல வரலாறு அறியாதவர்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். திருவரங்கத்தார் பொறுமைசாலிகள் அல்லவா? அச்சுதராயர் காலத்தில் தொடங்கி நின்றுபோன தெற்கு ராயகோபுரம் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகவே நிற்க, அதன் கீழேயே காய்கறி வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். முன்னோட்டம் அவ்வளவு நீளமாக ஓடிய தயாரிப்பு வேறில்லை. உண்மைதான். ஆனால் 1987 மார்ச்சில் அது 13 நிலையும் 236 அடியுமாகக் குடமுழுக்குக் கண்டபோது, அடித்தளம் என்ன வாக்களித்ததோ அதுவே மேலே நின்றது. ஏழாம் நிலைக்கு மேல் திடீரென்று வேறொரு கட்டடம் ஆகிவிடவில்லை. காத்திருக்கச் சொன்னால் திருவரங்கம் காத்திருக்கும். மாற்றிக் கொடுத்தால்தான் வழக்கு.

அடுத்து, விளம்பரத்தார் மிகுதியும் நம்பும் ஆயுதமான 'முதன்முறையாக'. 2018 ஜூனில் 'டிக் டிக் டிக்' இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற முழக்கத்தோடு வந்தது. ஆனால் 1963 ஏப்ரலிலேயே 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுக்கிரகத்தாருக்கு இசை தெரியாது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பி. பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்; மீட்க எம்.ஜி.ஆர். அங்கேயே போகிறார். வாலெண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போன முதல் பெண் என்று பாடநூல்கள் சொல்வது 1963 ஜூன் 16ஐ. பானுமதி ஏறத்தாழ இரண்டு மாதம் முந்திவிட்டார். இந்தியிலும் தாரா சிங் 1967இல் நிலவுக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் பிறகு முதல் படம் என்று போட்டவரை வரலாற்று மாணவர் யாரும் தடுக்கவில்லை. 'டிக் டிக் டிக்'கில் எரிகல்லைத் தகர்க்க அரசாங்கம் ஒரு வித்தைக்காரத் திருடனை விண்ணுக்கு அனுப்புவதைப் பார்த்துத் திருவானைக்காவல் நிறுத்தம் எழுப்பியிருக்கக்கூடிய ஆட்சேபங்களை இங்கே எழுத இடம் போதாது.

இன்னும் பின்னால் போனால், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த 'காடு' (1952). அழிந்துபோன மாமூத் யானைகள் திரையில் உயிரோடு வருகின்றன. நம்மூர் யானைகளுக்கே கம்பளி ரோமம் போர்த்தி நடக்க விட்டார்கள். மற்ற ஊர்களில் இது செல்லும். தினமும் காலையில் கோயில் யானையிடம் ஆசி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற ஊரில், நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதிர்த்திசை ஏமாற்றமும் உண்டென்பதை விட்டுவிடக் கூடாது. 2008 ஜூனில் வந்த 'தசாவதாரம்' விளம்பரத்தில் பத்து வேடம், பெருமாள், பன்னிரண்டாம் நூற்றாண்டு. ரங்கராஜ நம்பியைத் தரிசிக்க மடிசார் கட்டிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். நம்பி முதல் சில நிமிடங்களிலேயே பெருமாளோடு கடலுக்குள் போய்விட்டார். மீதிப் படம் முழுக்க ஆய்வகக் கிருமி, குப்பி, துரத்தல். கடைசியில் உப்புநீர் அதைக் கொல்கிறது. பக்தி கேட்டவருக்கு உயிரியல் கிடைத்தது. அறிவியலும் ஒருவரை ஏமாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் தூய சான்று கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஓயாமல் ஒலித்த பாட்டு, படத்தில் இல்லை. பாட்டைக் காணாத பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டை மறுத்தார்கள், வயிற்றில் அமிலம் கூடி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது என்று ஓர் ஆசிரியை நுகர்வோர் மன்றம் போனார். 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத்தொகையும் கிடைத்தன. 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: முன்னோட்டம் டிக்கெட் வாங்கத் தூண்டும் ஒருதலை விளம்பரம், ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு ஆகாது. அமெரிக்காவில், முன்னோட்டத்தில் வந்த நடிகை படத்தில் காணோம் என்று 'யெஸ்டர்டே' படத்தின் மேல் இருவர் தொடுத்த வழக்கில், முன்னோட்டமும் பொய் விளம்பரச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2022இல் ஒரு நீதிபதி சொன்னார். இரண்டு தீர்ப்பையும் கவனத்தோடு படித்ததில், பாட்டையும் நடிகையையும் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். இடைவேளையில் தொலைந்துபோன அறிவியலைப் பற்றி உலகில் எந்த நீதிமன்றமும் இதுவரை விசாரித்ததாகத் தெரியவில்லை.

கருதுகோளுக்குக் கடைசிச் சோதனை ஒன்றைக் காலமே செய்து தந்தது. 2022 ஜூனில் அதே பெயர், அதே நாயகர், அதே பழைய தலைப்புப் பாட்டோடு இன்னொரு 'விக்ரம்' வந்தது. ராக்கெட் இல்லை, யாரும் ராக்கெட்டை வாக்களிக்கவும் இல்லை. துப்பாக்கி என்றார்கள், துப்பாக்கியையே கடைசிவரை காட்டினார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் முதல் திருவரங்கம் வரை பாராட்டுதான்.

எனவே தணிக்கை வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். 2024இல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாக மூன்றாகப் பிரித்தீர்கள். குழந்தைகளுக்கு அது நல்லது. பெரியவர்களுக்கும் ஏதாவது செய்யுங்கள். அறிவியல் படம் என்று விளம்பரம் செய்யப்படும் ஒவ்வொன்றுக்கும் சுவரொட்டியின் மூலையில் 'அறிவியல்: இடைவேளை வரை' அல்லது 'அறிவியல்: இறுதி வரை' என இரண்டிலொரு முத்திரை குத்திக் கொடுங்கள். எலி வரும் படமாக இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். எலி பார்க்கவும் ஆள் வரும்.