விழுந்தால் எந்தப் பக்கம்?

முப்பது வருஷம் கரும்பலகையில் ஆன்டெனா நட்டவன் நான். ஒன்றுகூட விழுந்ததில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்காந்த அலை நடத்தும்போது நெட்டாக ஒரு கோடு, அதன் தலையில் குறுக்காக ஒரு கோடு, வேலை முடிந்தது. டஸ்டரை எடுத்தால் இறக்கியும் விடலாம். அந்தத் துணிச்சலில்தான், ஓய்வு பெற்று ஜமுனாமரத்தூர் பக்கம் சின்ன வீடொன்றில் குடியேறிய முதல் மாதமே, “கூரைமேல நாமளே ஒரு ஆன்டெனா போட்டுடலாம்” என்று அறிவித்தேன். என் மனைவி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல், “நாமளேன்னா யாரு?” என்றாள்.

ரேடியோ எனக்குச் சோறு மாதிரி. இந்த ஜவ்வாது மலையில் அது பட்டினி. எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிற சாது. வழியில் மலை குறுக்கிட்டால் ஏறிக் குதிக்கத் தெரியாது. எங்கள் வீடோ ஒரு குன்றின் கிழக்கு மடியில் பதுங்கியிருக்கிறது. தென்மேற்கே தர்மபுரி வானொலி பாடிக்கொண்டிருக்க, எங்களுக்கு வந்தது எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். இதில் எரிச்சல் என்னவென்றால், பக்கத்திலேயே காவலூர். அங்கே 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு பெயர் தாங்கியது. 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களுக்கான தடயம் அங்கேயும் பதிவானது. யுரேனஸுக்கு வளையல் இருப்பது தெரிகிற மலையில் எனக்குத் தர்மபுரியின் மாநிலச் செய்தி கேட்காதா? மானப் பிரச்சினை.

முதலில் கணக்கு. அதில் நான் புலி. சென்னை வானொலியின் மத்திய அலைக்கு, அதாவது 720 கிலோஹெர்ட்ஸுக்கு, அரை அலை ஆன்டெனா போடலாமா என்று பார்த்தேன். அலைநீளம் 417 மீட்டர். அதில் பாதி என்றாலும் 208 மீட்டர். கம்பியின் ஒரு முனை என் வீட்டில் இருந்தால் மறுமுனை யாரோ ஒருவருடைய கேழ்வரகுக் கொல்லையில் இருக்கும். எஃப்எம் அப்படி இல்லை. 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலை 3 மீட்டர், பாதி ஒன்றரை. முனைகளுக்காகக் கொஞ்சம் குறைத்தால் 1.43. இரண்டு அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர். துணி காயப்போடும் கொடியைவிடச் சின்னது! இவ்வளவு சின்னப் பொருளால் இவ்வளவு பெரிய மனிதனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அன்றிரவு மனைவிக்கு ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி வகுப்பெடுத்தேன். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய இளைஞர்களும் 1970-இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி என்பதால், அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் வடக்குத் தெற்காகப் படுக்கவைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். மலையையே கருவியின் பாதியாக்கிய மூளை! “நம்ம கூரைகூடச் சரிவுதான்” என்று முடித்தேன். அவள் தூங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

கூரையின் சரிவு பற்றிய என் ஆராய்ச்சி மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்பது மூன்றுக்கு முடிந்தது. எங்கள் வீட்டில் முன்பாதி மொட்டை மாடி, பின்பாதி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், மிதித்தால் அப்பளம். அதன்மேல் போக வேண்டியிருந்தால் கீழே சட்டம் ஓடும் இடம் பார்த்துக் குறுக்கே பலகை போட்டுத்தான் போக வேண்டும். போகாமலே இருப்பது இன்னும் நல்லது. இந்த உண்மை எனக்குத் தெரியவந்தபோது என் இடது கால் கூரையிலும் வலது கால் சமையலறையிலும் இருந்தன. கீழே குழம்பு கொதிக்கும் வாசனை முழங்கால் வரை வந்தது. சற்று நேரம் அமைதி. பிறகு கீழேயிருந்து குரல்: “ஏங்க, செருப்போடவா?”

ஏணி பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் போலாகிவிடும். ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி என்று காலைத் தள்ளிச் சாய்க்க வேண்டும், தலை மாடி விளிம்புக்கு மேலே மூன்றடி நீள வேண்டும், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். திரிகோணமிதி தெரிந்த நான் ஏணியைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைத்து, அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது எங்கள் வீட்டு நாயை. வரும்போது ஏணி என்னோடு வந்தது. மருத்துவச் செலவு விவரம் இங்கே தேவையில்லை.

பத்து நாள் கழித்து, கட்டு அவிழ்ந்த காலோடு, மொட்டை மாடியின் மூலையில் நாலு மீட்டர் ஜிஐ பைப்பை நிறுத்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கொல்லைப் பெரியவர் தேன் குடுவையோடு வந்தவர், அண்ணாந்து பார்த்தார். நான் அலைநீளம் பற்றிச் சொல்லத் தயாரானேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“சார், இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்?”

“விழாது பெரியவரே. யூ கிளாம்ப் போட்டிருக்கேன்.”

“மரம்கூட அப்படித்தான் நினைச்சுக்கும். வெட்டறதுக்கு முன்னாடி நாங்க எந்தப் பக்கம் சாயும்னு பாத்துட்டுத்தான் கத்தி வைப்போம்” என்று சொல்லிவிட்டு, குடுவையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் கண் அப்போதுதான் பைப்பின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கியது. இரண்டே மீட்டர் தள்ளி, கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஈபி சர்வீஸ் ஒயர். அதற்கும் அப்பால் தெருவில் ஓடும் வெறும் கம்பிகள். பைப் அந்தப் பக்கம் சாய்ந்தால் தர்மபுரி கேட்காது. எனக்காக மற்றவர்கள் அழுவதுதான் கேட்கும். அதுவும் எனக்குக் கேட்காது. ஆன்டெனா போட்டு உயிரை விடுகிறவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது வானத்து மின்னல் அல்ல, தெருவோர மின்கம்பி. பைப்பும் அதன் தலையில் உள்ளதும் சேர்ந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஒன்றரை மடங்கு தூரம் கம்பியிலிருந்து விலகியிருக்க வேண்டும். நாலு மீட்டருக்கு ஆறு மீட்டர். ஆறு மீட்டர்க் கயிற்றைப் பைப்பின் அடியில் கட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். கயிறு முதல் சுற்றிலேயே சர்வீஸ் ஒயருக்கு அடியில் போய் நின்றது. மின்காந்தவியலில் சென்டம் வாங்க வைத்த வாத்தியாருக்கு ஒரு கயிறு பாடம் நடத்தியது.

பைப் வீட்டின் மறுகோடிக்கு இடம் பெயர்ந்தது. இம்முறை கைப்பிடிச் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு கிளாம்ப், மூன்று திசையில் ஸ்டே கம்பி. மூன்றாவது கம்பிக்கு ஆணி அடிக்கச் சோம்பல்பட்டுப் பலாமரத்தில் கட்டினேன். காற்றடிக்கும்போது மரம் ஆடும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை; ஆனாலும் கட்டினேன். அன்று மாலை மரம் ஆட, மரத்தோடு பைப் ஆட, ஒரே அதிர்வெண்ணில் ஒரு வரி தமிழும் ஒரு வரி தெலுங்குமாகக் கச்சேரி நடந்தது. எஃப்எம் ரேடியோவின் குணம் அது: இரண்டு நிலையங்கள் சேர்ந்து வந்தால் பலமானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அடக்கிவிடும். யார் பலசாலி என்பதை எங்கள் வீட்டில் பலாமரம் தீர்மானித்தது.

அடுத்தது எர்த். போளூரிலிருந்து மைத்துனன் போன் செய்தான். “மாமா, குழி எல்லாம் எதுக்கு? கோபுரக் கலசத்துல வரகு வெச்சாங்க, அதான் இடி விழல. நீங்க பைப் மேல ஒரு செம்பைக் கவுத்து உள்ள சாமையை நிரப்புங்க. உங்க ஊர்ல சாமைக்கா பஞ்சம்?” கலசத்தில் தானியம் வைப்பது உண்மை. அது மின்னலைத் தின்று செரித்துவிடும் என்பது வாட்ஸ்அப்பின் இயற்பியல். மின்னலுக்குத் தேவை தானியம் அல்ல, மண்ணுக்குள் போக ஒரு தடித்த செம்புக் கம்பி; சுருக்கமாக, வளைவு நெளிவு இல்லாமல், வீட்டு எர்த்தோடும் இணைத்து. மலை மண்ணில் ஒன்றரை அடிக்குக் கீழே பாறை சிரித்தது. இடம் மாற்றி மாற்றித் தோண்டி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். “ஊறுகாயா?” என்றாள் மனைவி. இத்தனை செய்தாலும் நேரடி இடியை எர்த் தடுத்துவிடாது. மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். கறுத்த பிறகு அல்ல, கறுக்கும் முன்பே.

எல்லாம் முடிந்தும் ஓர் இரைச்சல் மட்டும் போகவில்லை. குரங்குகள்மேல் பழி போட்டேன். அவை காலையில் ஆன்டெனாவில் ஊஞ்சலாடுவது ஊரறிந்தது. 1964-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகளும் இப்படித்தான் விடாத இரைச்சலுக்குப் புறாக்களைச் சந்தேகித்து, ஆன்டெனாவுக்குள் எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை, அது பிரபஞ்சம் பிறந்த வெப்பத்தின் மிச்சம். 1978-இல் நோபல் பரிசு. நானும் ஏணி வைத்து (சரியான கோணத்தில், மனைவி பிடிக்க) ஏறித் துடைத்தேன். இரைச்சல் போகவில்லை. ஸ்டாக்ஹோமுக்கு ஸ்வெட்டர் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி திண்ணை விளக்கை அணைத்தாள். இரைச்சல் நின்றது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கி வந்த எல்இடி பல்பு.

மூன்று மாதம், ஒரு ஷீட், ஒரு கணுக்கால். போன வாரம் ஒரு மாலை தர்மபுரி தெளிவாக, கோயில் மணி மாதிரி வந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் பெரியவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பெண் குரல், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் பிரிந்து: “வானிலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் இடி மின்னலுடன்...”

மனைவி கேபிளைப் பிடுங்கினாள்.

இன்றைக்கா நாளைக்கா என்பதைக் கேட்கக்கூட விடவில்லை. பெரியவர் வாசலுக்குப் போய் மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னிக்கு இல்ல சார், நாளைக்குத்தான்” என்றார்.