அகராதியும் பரிசீலனையில் இருக்கிறது

அனுப்புநர்:
நூலகப் பொறுப்பாசிரியர் (கூடுதல் பொறுப்பு),
அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ்நாடு.

பெறுநர்:
மாண்புமிகு பள்ளி வாரியத்தார்,
எஸ்காம்பியா மாவட்டம், பென்சகோலா, புளோரிடா.

பொருள்: பிள்ளைகளிடமிருந்து நூல்களைக் காத்தமைக்குப் பாராட்டும், எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்காக மன்னிப்பும் தெரிவித்தல் – சார்பு.

பார்வை: புளோரிடா மசோதா எண் 1467 (2022), எண் 1069 (2023).

ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட சட்டங்களுக்குக் கீழ்ப்படிந்து தாங்கள் 1,600-க்கும் மேற்பட்ட நூல்களைப் பள்ளி நூலக அலமாரிகளிலிருந்து இறக்கி வைத்த செய்தியைப் படித்தேன். அந்தப் பட்டியலில் 5 அகராதிகளும் 8 கலைக்களஞ்சியங்களும் கின்னஸ் சாதனைப் புத்தகமும் ஆன் ஃபிராங்கின் டைரியும் இருந்தனவாம். அகராதிக்கே தடையா என்று பத்திரிகைக்காரர்கள் கூச்சலிட்டபோது, தடையெல்லாம் இல்லை, பரிசீலனையில்தான் இருக்கிறது என்று விளக்கம் தந்தீர்கள். நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் தாலுகா அலுவலகத்தில் என் தகப்பனார் கொடுத்த பட்டா மாறுதல் மனுவையும் யாரும் நிராகரிக்கவில்லை. அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. தகப்பனார்தான் இல்லை.

சட்டத்தின் அழகே அதன் வரிசையில் இருக்கிறது. நூலில் பாலியல் நடத்தை விவரிக்கப்பட்டிருப்பதாக ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், 5 பள்ளி நாளுக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று 2023-இன் சட்டம் சொன்னது. குற்றம் உண்டா இல்லையா என்பதைப் பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். புகார் கொடுக்கப் பெரிய கூட்டமும் தேவையில்லை. 2021–22 கல்வியாண்டில் உங்கள் நாடெங்கும் வந்த ஆயிரத்துச் சொச்சம் புகார்களை வாஷிங்டன் போஸ்ட் அலசிப் பார்த்தபோது, பாதிக்கும் மேல் வெறும் 11 பேர் கொடுத்தவை என்று தெரியவந்தது. ஒரு கிரிக்கெட் அணி போதும், நாட்டையே காப்பாற்றிவிடலாம். தங்கள் மாவட்டத்துக்கு அணிகூடத் தேவைப்படவில்லை. ஆங்கில ஆசிரியர் ஒருவரே நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள்மேல் புகார் கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் இதில் உண்மையான வேலையைச் செய்தது புகார்தாரரும் இல்லை, நூலைப் பரிசீலிக்கும் கமிட்டியும் இல்லை. பயம்தான். சிறாருக்குத் தகாததைக் கொடுத்தால் 5 ஆண்டு வரை சிறை என்று ஒரு சட்டப்பிரிவு இருப்பதை நினைவூட்டிவிட்டு, சந்தேகம் வந்தால் எச்சரிக்கையின் பக்கமே சாய்ந்துவிடுங்கள் என்று மாநிலம் நூலகர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. தங்கள் மாநிலத்து மானட்டி மாவட்டத்தில் ஆசிரியர்கள் வகுப்பறைப் புத்தக அடுக்கைக் காகிதம் ஒட்டி மூடினார்கள். கமிட்டி உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்து முடிக்க வாரங்கள் ஆகும். பயந்துபோன நூலகர் ஒன்றையும் படிக்காமல் ஒரே மாலையில் நூறு நூல்களை இறக்கிவிடுவார். சம்பளமும் கூடக் கேட்கமாட்டார்.

இந்த நுட்பத்தை நாங்கள் சட்டமே போடாமல் கண்டுபிடித்துவிட்டோம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். என் பொறுப்பில் இரண்டு இரும்பு பீரோக்கள் உள்ளன. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் என் கைக்காசு போகும். ஆகவே புத்தகங்கள் பூட்டிய பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருக்கின்றன. பிள்ளைகள் யாரும் கெட்டுப்போனதாக இதுவரை புகார் இல்லை.

அடுத்து, மன்னிப்பு. தங்கள் நூலகர்கள் இப்படிப் பிடிவாதக்காரர்களாக இருப்பதற்கு எங்கள் சீர்காழிக்காரர் ஒருவரும் காரணம். எஸ்.ஆர்.ரங்கநாதன் என்று பெயர். கணக்கு வாத்தியாராக ஒழுங்காக இருந்தவரை 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக்கினார்கள். அவர் 1931-இல் ஐந்து விதிகள் என்று ஒரு நூலை வெளியிட்டார். புத்தகம் புழங்குவதற்காக இருக்கிறது, ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் ஒன்று உண்டு என்கிற ரீதியில் போகும். முற்காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் கட்டிவைத்த கதையையும் அதில் சொல்கிறார், ஏதோ கெட்ட பழக்கம்போல. தங்கள் நாட்டு நூலகவியல் மாணவர்கள் இன்றும் இவரைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்கள். எங்கள் பள்ளியில் அவர் படம் சுவரில் இருக்கிறது. பீரோவைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறோம்.

பள்ளி நூலகர்களைச் சாதாரணமாக எடைபோட வேண்டாம். கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் ஒரு பள்ளியில், எஸ்.இ.ஹின்டன் பள்ளிப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். நூலகர் சும்மா இருந்தாரா? பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, இதைப் படமாக்குங்கள் என்று பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கே கடிதம் போட்டார். கொப்போலாவும் 1983-இல் எடுத்துத் தொலைத்தார்.

கான்சாஸில் டொபீகா நகரத்து உயர்நிலைப் பள்ளி நூலகர் மைக்கேல் பிரின்ட்ஸ் பெயரால் பதின்வயதினர் நூல்களுக்கு ஒரு விருதே இருக்கிறது. 2000-இல் முதன்முதலாக அந்த விருதை வழங்கியபோது சிறப்புப் பாராட்டு பெற்ற நூல்களில் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ ஒன்று. சரியாக இருபது ஆண்டு கழித்து, 2020-இல் அதிகப் புகாருக்கு ஆளான பத்து நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலிலும் அதே நூல். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி. மேல்வகுப்புப் பையன் அவளை வன்புணர்ந்துவிடுகிறான். யாரிடமும் சொல்ல முடியாமல், மெல்ல மெல்லப் பேச்சையே நிறுத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. இதைப் படித்தபின் தங்களுக்கு நேர்ந்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர் என்று ஆசிரியரே பலமுறை சொல்லியிருக்கிறார். இதில்தான் ஆபத்து இருக்கிறது. பேச ஆரம்பித்த பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? அந்தப் பையன் யார் வீட்டுப் பையன் என்று கேள்வி வரும். புத்தகத்தை எடுத்துவிட்டால் கேள்வியும் வராது, பையனும் நிம்மதியாகப் படித்து முன்னுக்கு வருவான்.

ஒரே ஒரு கவலை. யூட்டா மாநிலத்தில் டேவிஸ் மாவட்டத்தார் 2023-இல் இதே போன்றதொரு சட்டத்தின்படி வந்த புகாரை நேர்மையாக விசாரித்து, பைபிளையே சிறுவர் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு அதே ஆண்டில் திருப்பி வைத்தார்கள். சட்டத்தை இப்படி எல்லாருக்கும் ஒன்றுபோலப் பிரயோகித்தால் கட்டுப்படியாகாது என்பதைத் தாங்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பரிசீலனைக்கு இடநெருக்கடி இருந்தால் அந்த 1,600 நூல்களையும் எங்களுக்கு அனுப்பி வையுங்கள். பீரோவில் கீழ்த்தட்டு காலி. அகராதிகளை மட்டும் தனிக் கட்டாகக் கட்டி அனுப்பவும். இருப்புப் பதிவேட்டில் அவற்றை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று மேலிடத்தில் கேட்டு எழுத வேண்டும். பதில் வர நாளாகும்.

இக்கடிதத்தில் தகாதது ஏதும் இருப்பதாக யாரேனும் புகார் கொடுத்தால், 5 பள்ளி நாளுக்குள் கிழித்துவிட்டு, பிறகு படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலகப் பொறுப்பாசிரியர் (கூடுதல் பொறுப்பு)